பாலைவனத்துப் பாறுகள்

மாலை வேளையில் மறைமலையடிகள் பாலத்தில் நின்று அடையாற்றை நோக்குவோர், தலைக்குமேல் கரும்பருந்துகள் வட்டமிடுவதைக் கண்டிருப்பர். நம் பங்கு மக்கள் அவற்றைக் ‘கழுகு’ என்றே சொல்வார்கள். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. இரையை அடித்துண்ணும் பறவைக்கும் செத்ததைத் தின்னும் பறவைக்கும் இன்று அந்த ஒரு பெயரே வழங்குகிறது. பிணந்தின்னும் பறவைக்குப் ‘பாறு’ என்ற நல்ல தமிழ்ப் பெயர் இருந்தும் அதை மறந்தோம். திருமறையில் நாம் கழுகு என்று படிக்கும் இடங்களில் எபிரேய மூலத்திலுள்ள ‘நெஷெர்’ என்பதும் பாறு இனத்தையே குறிக்கும் என்பர் அறிஞர் பலர்.

சென்ற தை மாதம், குருமடத்தில் நம்முடன் பயின்ற சுவாமி ஒருவரின் அழைப்பை ஏற்று இராஜஸ்தானத்துப் பிக்கானேருக்குச் சென்றிருந்தோம். நகருக்கு வெளியே ஜோர்பீர் என்றோர் இடம். இறந்த மாடுகளையும் ஒட்டகங்களையும் அங்கே கொண்டுவந்து போடுகிறார்கள். நாற்றத்தை எழுத்தில் சொல்ல இயலாது. ஆயினும் குளிர்காலத்தில் இமயத்திலிருந்தும் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்தும் பாறுகளும் கழுகுகளும் அங்கே வந்து குவிகின்றன. மணல்வெளியில் ஆங்காங்கே நின்ற மரத்தைப் பார்த்தால் நம் ஊர் வன்னி!

இரவல் காமிராவும் கையுமாக விடியலிலேயே போய்விட்டோம். பாறு கனத்த பறவை. தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழும்வரை பெரும்பாலும் பறக்க முனையாது. படமெடுப்போருக்கு அதுவே நல்ல நேரம். பத்து மணிக்குமேல் கானல் அலையில் படம் கலங்கிவிடும். “வண்டியைவிட்டு மட்டும் இறங்காதீர்கள், வண்டிக்கு அஞ்சாத பறவை மனிதனுக்கு அஞ்சும்” என்றார் தோழர்.

அப்போது ஓர் ஒட்டகத்தின் விலாவருகே மஞ்சள்முகப் பாறு ஒன்று வந்தமர்ந்தது. சிறுவயதில் திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் இரண்டாக வந்து உணவுண்ணக் கண்ட அதே இனம். அந்த வரவு 1990களுக்குப்பின் இல்லை. ஆசை மேலிட்டது, இறங்கிவிட்டோம். நான்கடி வைத்திருப்போம், அதுவும், சுற்றியிருந்த முப்பதுக்கு மேற்பட்டவையும் எழுந்து போயின. காத்திருந்த நாய்கள் ஒட்டகத்தைச் சூழ்ந்துகொண்டன. அரைமணி நேரம் ஆகியும் பறவைகள் திரும்பவில்லை. தோழர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே நமக்குச் சுட்டது.

ஒரு வேளை உணவுதானே என்று நேயர்கள் கேட்கலாம். 1990களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தன. நோயுற்ற மாட்டின் வலி தீரப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, அம்மாடு இறந்தபின் அதைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2004-இல் இக்காரணம் வெளியாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை நடுவணரசு தடைசெய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால், 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். இவ்வளவுக்கும் மாட்டுக்காரர் எவரும் பறவையைக் கொல்ல எண்ணியவர் அல்லர். தமிழகத்தில் இன்று பாறுகளைக் காண வேண்டுமானால் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போகவேண்டும்.

ஊர் திரும்பியதும் பீடச் சிறுவர்கள் படத்தைக் காட்டும்படி சூழ்ந்துகொண்டார்கள். நம்மிடம் இருந்தது நாய்களின் படம். ஏன் நாய்கள் மட்டும் இருக்கின்றன என்று அவர்கள் கேட்டபோது, நாம் வண்டியைவிட்டு இறங்கிய கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று.