லாடம் நிற்காத குதிரைக்கு மீண்டும் ஆணியா?

மெரினா கடற்கரையிலும், ஊட்டியிலும், கொடைக்கானலிலும் இன்றும் குதிரைகள் குழந்தைகளைச் சுமந்து செல்கின்றன. அவற்றை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. குதிரைக்குக் கால்தான் உயிர். குளம்பு கெட்டால் குதிரைக்கு வேலை இல்லை. வீட்டில் அடுப்பும் எரியாது.

சில குதிரைகளுக்கு லாடம் நிற்பதே இல்லை. இன்று அடித்தால் நாலு நாளில் கழன்று விழுகிறது. விழும்போது குளம்பையும் பெயர்த்துக்கொண்டு போகிறது. உடனே மறுபடியும் ஆணி! மறுபடியும் லாடம்!

இது கூடாது. ஏன்?

நகம் போன்றது

குளம்பின் வெளிச்சுவர் நம் விரல் நகத்தைப் போன்றது. அதில் உணர்ச்சி கிடையாது. ஆகவே, சரியான இடத்தில் ஆணி அடித்தால் குதிரைக்கு வலிக்காது. ஆனால் சுவருக்கு உள்ளே உயிருள்ள சதை இருக்கிறது. சுவர் உடைந்து குறைந்துவிட்டால் ஆணிக்கு இடம் ஏது? அது உள்ளே இறங்கிச் சதையைக் குத்தும். சீழ் பிடிக்கும். குதிரை நொண்டும்.

இற்றுப்போன மரத்தில் ஆணி நிற்குமா?

மருந்து எது?

காலம்தான் மருந்து. குளம்பு மேலிருந்து கீழாக வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். முன்பக்கம் முழுவதும் புதிதாக வளர 9 மாதம் முதல் 1 வருஷம் வரை ஆகும்.

அதுவரை என்ன செய்வது? லாடத்தையும் மிச்ச ஆணிகளையும் எடுத்துவிட வேண்டும். லாடம் அடிப்பவரிடம் சொல்லி, குளம்பின் ஓரத்தை அரத்தால் ராவி மழுங்கச் செய்ய வேண்டும். கூரான ஓரம் கல்லில் பட்டால் மேலும் பிளக்கும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை இப்படி ராவுவது நல்லது.

தார்ச் சாலையும் கல் தரையும் ஆகாது. மணலோ மண் தரையோ நல்லது. நடந்தே தீர வேண்டுமானால், குளம்புக்கு மாட்டும் ரப்பர் காலணி உண்டு. ஆணி இல்லாமல் பசையால் ஒட்டும் லாடமும் உண்டு.

கட்டும் இடம் காய்ந்திருக்கட்டும். மூத்திரத்திலும் லத்தியிலும் நின்றால் குளம்பு ஊறிக் கெடும். தினமும் குளம்பின் அடியைச் சுத்தம் செய்யுங்கள். நாற்றம் அடித்தாலோ, குளம்பு சுட்டாலோ, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தீனியும் முக்கியம். தவிட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவு. குதிரை மசாலில் அது அதிகம். பயோட்டின் என்ற வைட்டமினையும் மருத்துவர் சொல்லலாம். பல மாதம் கொடுத்தால்தான் பலன் தெரியும்.

சோறு யார் போடுவார்?

"இத்தனை மாதம் ஓய்வு கொடுத்தால் எங்களுக்குச் சோறு யார் போடுவார்?" என்று குதிரைக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான்!

ஆனால் நொண்டும் குதிரையை ஓட்டினால் எத்தனை நாள் கூலி கிடைக்கும்? பிறகு குதிரையே போய்விடும். அது விதை நெல்லைக் குத்தித் தின்பது போன்றது. நோயாலோ புண்ணாலோ வேலைக்கு ஆகாத மிருகத்தை வேலை வாங்குவது குற்றம் என்று 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டமும் சொல்கிறது.

ஒரே இடத்தில் தொழில் செய்யும் குதிரைக்காரர்கள் ஒன்றுசேர வேண்டும். தினமும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் சேர்க்கலாம். ஒருவரின் குதிரை ஓய்வில் இருக்கும்போது அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். இன்று அவருக்கு, நாளை நமக்கு!

பெற்றோர்களே! குழந்தையைக் குதிரையில் ஏற்றும் முன், அதை நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். நொண்டினால் ஏற்றாதீர்கள். காரணத்தைக் குதிரைக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நொண்டும் குதிரையால் வருமானம் இல்லை என்று தெரிந்தால், அதற்கு ஓய்வு தானாகக் கிடைக்கும்.