மாஸ்கோவில் ஒரு 'ரீல்'

போன வாரம் தூக்கம் வராமல் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோவில் விரல் நின்றுவிட்டது. மாஸ்கோவில் ஒரு பப். மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஃபிடில், மரப் புல்லாங்குழல், அக்கார்டியன், முழங்காலில் நிறுத்தி சின்னக் குச்சியால் தட்டும் ஒரு தோல் பறை. வாசிப்பது அயர்லாந்தின் கிராமத்து நடன இசை. வாசிப்பவர்கள் எல்லோரும் ரஷ்யர்கள். மேசைக்கு அடியில் அத்தனை கால்களும் தரையைத் தட்டுகின்றன. படுத்தபடியே என் காலும்தான்!

அயர்லாந்து எங்கே, ரஷ்யா எங்கே? தேடிப் போனால், பாதை ஒரு கதைப்புத்தகம் வழியாகப் போகிறது. டோல்கியன் எழுதிய 'தி லார்டு ஆஃப் த ரிங்ஸ்' சோவியத் காலத்தில் தட்டச்சுப் பிரதிகளாக ரகசியமாகக் கைமாறியது. அதைப் படித்துப் பித்தான இளைஞர்கள் 1990-ல் சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் அருகே காட்டுக்குள் கூடி, மரவாளும் போர்வை அங்கியுமாக அந்தக் கதையை விளையாடினார்கள். அப்படி ஆரம்பித்த கூட்டங்களில் ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் பாட்டு வேண்டாமா? பழங்கதை வாசனை அடிக்கும் இசையைத் தேடியவர்கள் பலர், கெல்டிக் இசையில் போய் விழுந்தார்கள். அயர்லாந்து இசை அதில் ஒரு பெரிய கிளை.

இன்னொரு பாதை ரொம்ப சாதாரணமானது: மளிகைக் கடை. 1991-ல் மாஸ்கோவின் அர்பாத் பகுதியில் 'ஐரிஷ் ஹவுஸ்' என்ற சூப்பர் மார்க்கெட் வந்தது. மறு வருடமே அந்தச் சாலையில் செயின்ட் பேட்ரிக் தின ஊர்வலம். 1994-ல் டப்ளினில் நடந்த யூரோவிஷன் போட்டியின் இடைவேளையில் 'ரிவர்டான்ஸ்' ஆடப்பட்டு உலகமே வாயைப் பிளந்தது. பிறகு ரஷ்யாவிலும் ஐரிஷ் நடனப் பள்ளிகள் முளைத்தன. ஆட்டம் இருந்தால் வாத்தியமும் வேண்டுமே! செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 'ரீல்ரோட்' என்று ஒரு குழு. பெயர் ஆங்கிலம், ஆனால் கடைசியில் ஓசையே இல்லாத ஒரு பழைய ரஷ்ய எழுத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்தக் குசும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

'ரீல்' என்பது நாம் போனில் தள்ளுவதும் இல்லை, நண்பர்கள் விடுவதும் இல்லை. அது ஒரு நடன மெட்டு. நம் வாய்மொழியில் சொன்னால், ரீல் என்பது தகதிமி தகதிமி. ஜிக் என்பது தகிட தகிட. மெட்டு பெரும்பாலும் இரண்டே பகுதிதான், ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசிப்பார்கள். மொத்தத்தையும் இரண்டு மூன்று சுற்று போனதும், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள்.

நோட்ஸ் கையில் இருந்தால் போதும், யாரும் வாசித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 1903-லேயே சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல், 1,850 மெட்டுகளை எழுத்தில் அச்சிட்டுவிட்டார். ஆனால், தாளில் சம அளவாக இருக்கும் ஸ்வரங்கள் வாசிப்பில் சமமாக இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் நீளும், அடுத்தது குறுகும். எவ்வளவு என்று யாரும் எழுதிவைக்க முடியாது. நம் கமகம் மாதிரி, கேட்டுத்தான் வர வேண்டும். மேற்கத்திய செவ்வியல் வயலினில் தேர்ந்தவர்களுக்கு இது கூடுதல் கஷ்டம். பழகிய நீண்ட வில்லையும் நடுங்கும் விரலையும் அவர்கள் முதலில் மறக்க வேண்டும்.

இந்த மெட்டுகள் ஊர்விட்டு ஊர் போவது புதிதும் அல்ல. முத்துசுவாமி தீட்சிதர், கம்பெனி ராணுவ பேண்டில் ஒலித்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அந்த நொட்டுஸ்வரங்களில் ஒன்றான 'வந்தே மீனாக்ஷி'யின் மெட்டு, 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற ஐரிஷ் ஆட்ட மெட்டு. குழந்தைகள் பாட்டு கிளாஸில் பாடுகிறார்களே, அதேதான். ஆனால், தீட்சிதர் அதை நம் பக்கம் இழுத்துக்கொண்டார். மாஸ்கோ பப்பில் இருந்தவர்கள் செய்தது வேறு. அயர்லாந்துக்காரர் கண்ணை மூடிக் கேட்டால் தன் ஊர் என்று நினைக்க வேண்டும். அதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட பரீட்சை. அதை நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டுக் கேட்டே கற்றது எப்படி வெறும் நகலாகும்?

இதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி வீடியோவுக்குப் போனேன். அப்போதுதான் தேதி கண்ணில் பட்டது: 2019.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும், ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூடியது. அயர்லாந்தும் அதில் அடக்கம். அடுத்த மாதமே ரஷ்யாவில் இன்ஸ்டாகிராம் தடை. ஒரு லட்சத்துக்கும் மேலான உக்ரைனியர்களுக்கு அயர்லாந்து அடைக்கலம் கொடுத்தது. இந்த மெட்டுகள் பிறந்த சின்ன ஊர்களிலும் அவர்கள் வந்து தங்கினார்கள். வீடு இழந்து வந்த ஒருவர் பக்கத்து பப்பில் அதே ரீலைக் கேட்டிருக்கலாம். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் போரைப் பற்றி என்ன நினைத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? வீடியோவில் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பக்கத்தில் 2022 பிப்ரவரிக்குப் பிறகு எதுவுமே போடப்படவில்லை.

இன்னொரு முறை ஓடவிட்டேன். மூன்றாவது சுற்று முடியும் இடத்தில் அக்கார்டியன்காரர் தலையைத் தூக்கி 'ஹப்!' என்கிறார். எல்லோரும் அடுத்த மெட்டுக்கு மாறுகிறார்கள். மாறின இரண்டாவது நொடியில் வீடியோ முடிந்துவிடுகிறது.