சர்க்கரைக்கென்று கொடுத்த ரத்தம்

சர்க்கரை நோய்க்கு வழி சொல்லுங்கள் என்றுதான் கேட்டோம். வேறு என்ன கேட்டோம் உங்களிடம்?

ஹவாசுபாய் மக்கள் நாங்கள். அரிசோனாவில் கிராண்ட் கேன்யனின் அடியாழத்தில், சுபாய் என்ற ஊரில் இருக்கிறோம். ஊருக்குச் சாலை கிடையாது. எட்டு மைல் நடந்து இறங்க வேண்டும். கடிதம்கூட இன்றும் கோவேறு கழுதை முதுகில்தான் வருகிறது. சர்க்கரை முற்றிக் காலை எடுக்க வேண்டும், டயாலிசிஸ் வேண்டும் என்றால், பிறந்த ஊரையே விட்டுப் போக வேண்டும். அந்தப் பயத்தில்தான் 1990-இல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களிடம் கையை நீட்டினோம். ரத்தம் எங்களுக்குப் புனிதம். ஆனாலும் நூறு பேருக்கு மேல் கொடுத்தோம், பிள்ளைகளாவது தப்பிக்கட்டும் என்று.

வாயால் சொன்னது சர்க்கரை. கையெழுத்து வாங்கிய தாளிலோ நடத்தைக் கோளாறு, உடல் கோளாறு என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி. எங்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பது தெரியாமலா நீட்டினார்கள்? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எங்கள் ரத்தத்தில் மனச்சிதைவைத் தேடினார்கள். உறவுக்குள்ளேயே மணந்து பெருகிய கூட்டமா என்று அளந்து பார்த்தார்கள். எங்கள் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தேறியவர்கள் என்று காட்டவும் அதே ரத்தம்தான்! 2003-இல் எங்கள் பெண் ஒருத்தி, ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையைக் கேட்கப் போய் உட்கார்ந்தாள். பேசப்படுவது தன் சனத்தின் ரத்தம் என்று தெரிந்ததும், இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டாள். அதுவரை எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

வந்தேறிகள் என்பது உங்களுக்கு ஒரு கட்டுரை. எங்களுக்கு அது அடிமடியில் கைவைப்பது. இந்தப் பள்ளத்தாக்கில்தான் தோன்றினோம் என்பது எங்கள் நம்பிக்கை மட்டுமல்ல, மண்ணுக்கான உரிமையும் அதுதான். 1882-இல் எங்களை 518 ஏக்கருக்குள் அடைத்தார்கள். மேலே விரிந்து கிடந்த வேட்டைக்காடெல்லாம் கைவிட்டுப் போயிற்று. 1919-இல் தேசியப் பூங்கா வந்தது. அந்தப் பூங்காவுக்குள் போன எங்கள் தோட்டத்தில் கடைசியாக இருந்தவரையும் 1928-இல் வெளியேற்றினார்கள். பறித்ததில் ஒரு பங்கை, சுமார் 1,85,000 ஏக்கரை, 1975-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியேற்றிய அந்தத் தோட்டத்துக்கு 2022-இல் எங்கள் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பெருந்தன்மைதான், போங்கள்! இப்படி இழந்தவர்களிடம் வந்து, நீங்கள் இந்த மண்ணின் மக்களே இல்லை என்று எங்கள் ரத்தத்தைக் கொண்டே எழுதினால் வயிறு எரியாதா?

அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டோம். ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, 2010-இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் என்று முடித்தார்கள். மிச்சமிருந்த ரத்தத்தையும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். உறைபெட்டியின் முன்னால் நின்று அழுதோம், பாடினோம். எழுதிய கட்டுரைகளை யார் திருப்பித் தருவார்?

நாங்கள் ஆராய்ச்சிக்கு எதிரி என்று இப்போது பேசுகிறார்களாம். எங்கள் அண்டைவீட்டாரான நவாஹோ மக்கள் 2002-இலேயே மரபணு ஆய்வுக்குத் தடை போட்டார்கள்; அவர்களையும் அப்படித்தான் சொன்னார்களோ? வருகிறவர் வரட்டும். எங்கள் பெரியவர்கள் முன் உட்கார்ந்து, எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், வேறு யாருக்குக் கொடுப்பீர்கள் என்று எங்கள் மொழியில் சொல்லட்டும். அச்சேற்றும் முன் எங்களிடம் காட்டட்டும். பாதியில் வேண்டாம் என்றால் அன்றைக்கே திருப்பித் தரட்டும். அவ்வளவு பொறுமை இல்லை என்பவர் வந்த வழியே ஏறிப் போகலாம், எட்டு மைல்தான்.