பீரோ சாவி யார்கிட்ட?

"எல்லாம் போன்லயே இருக்கு, ஸ்கூல் பசங்களுக்கு லைப்ரரி எதுக்கு?" நம்ம கேன்டீன்ல அடிக்கடி காதில் விழுகிற கேள்வி. இருக்கிறது என்னவோ உண்மைதான். 1998-ல் ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து மின்நூலகமாக வைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளம்.

சரி, அந்த போன் யாரோடது? ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது அப்பாவோடயோ அம்மாவோடயோ ஷிஃப்டுக்குப் போய்விடும். கேமரா போனை உள்ளே விடாத கம்பெனி என்றால் எட்டு மணி நேரம் கேட் லாக்கரில் தூங்கும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து அது வீட்டுக்கு வரும்போது பிள்ளையும் தூங்கியிருக்கும். நாம அனுப்புற லிங்க் எந்த நேரத்தில் திறக்கப்படும்?

அடுத்து பள்ளி. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. ஏதோ ஒரு ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு. புத்தகம் ஒன்று தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் பீரோ பூட்டியே இருக்கிறது. அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவர் இடத்தில் நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன். மாற வேண்டியது அந்தக் கணக்கு. வருஷத்துக்கு இத்தனை புத்தகம் கிழியும், தொலையும் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டு கழித்துவிட்டால் பாதிப் பூட்டு தானாகத் திறக்கும். 2023-ல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' புத்தகங்கள் எனக்குப் பிடித்ததற்கும் இதுதான் காரணம். ஒல்லியான புத்தகம், பெரிய எழுத்து. கையில் எடுக்கப் பயமே வராது.

இந்த ஏரியாவுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகளும் இங்கேயே படிக்கிறார்கள். வீட்டில் ஒடியா, வகுப்பில் தமிழ். பீரோவைத் திறந்தாலும் அவர்களுக்கு அதில் என்ன இருக்கப்போகிறது?

இந்த இடத்தில்தான் இணையம் நிஜமாகவே உதவும். ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் உண்டு. டவுன்லோடு பண்ணலாம், பிரிண்ட் போடலாம், நாமே மொழிபெயர்க்கவும் உரிமம் இடம் தருகிறது. 16 பக்கக் கதைக்கு நாலே நாலு ஏ4 தாள், நடுவில் ரெண்டு ஸ்டேபிள். தமிழில் ஒன்று, ஒடியாவில் ஒன்று என்று ஜோடியாகப் போட்டு வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் போதும். பதிவேட்டில் ஏறாத புத்தகம், யாரும் பூட்ட வேண்டியதில்லை.

என்.எஸ்.எஸ்.-ல் வருஷத்துக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டியிருக்கிறது. அதில் புத்தக நன்கொடை முகாம் என்று பெட்டி வைத்தால் என்ன விழும்னு நமக்கே தெரியும்: பழைய கேட் கைடும், அரியர் க்ளியர் ஆன சப்ஜெக்ட் புக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை அதை வைத்து என்ன செய்யும்?

1931-ல் மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டுவண்டி கிராமம் கிராமமாகப் புத்தகம் கொண்டுபோனது. நூலகத் துறையின் பெரியவர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். வண்டியை ஏற்பாடு செய்த கனகசபைப் பிள்ளை ஒரு இன்ஜினியர், நம்ம ஆளு. அவருக்கு மாடு வேண்டியிருந்தது. நமக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சும்மா கிடக்கிற டிபார்ட்மென்ட் பிரிண்டரும், எந்தப் பள்ளி வாசலிலும் நிற்கிற டவுன் பஸ்ஸும் போதும். முதல் மாசம் ஒரு பள்ளிக்கு முப்பது கதை. ஹெச்.எம். கிட்ட அனுமதிக் கடிதம் வாங்கணும், ஒடியா தெரிந்த பெற்றோர் யாராவது ஒருவர் எழுத்தைச் சரிபார்க்கணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போன பொண்ணு திருப்பிக் கொண்டுவரலையா? இன்னொரு காப்பி பிரிண்ட் போட்டுக்கலாம்.