பட்டியலில் ஏறாத உண்டியல்

குற்றப்பிரிவில் உதவி ஆய்வாளராக இருந்த ஆண்டுகளில் நான் எழுதிய களவுச் சொத்துப் பட்டியல்கள் எத்தனையோ. பெரும்பாலானவை மறந்துவிட்டன. ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு ஞாயிறு மாலை வீடு திரும்பிய குடும்பம். முன்கதவுப் பூட்டைக் கம்பியால் நெம்பியிருந்தார்கள். பீரோ திறந்து கிடந்தது, பட்டுப்புடவைகள் கட்டில்மேல் குவிந்து கிடந்தன. கைரேகைப் பிரிவுக்காரர் பவுடர் தூவிக்கொண்டிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து வீட்டம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தேன்: ஆரம் ஒன்று, வளையல் இரண்டு ஜோடி, வெள்ளிக் குத்துவிளக்கு, ரொக்கம்.

சமையலறை வாசலில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் நின்றிருந்தாள். காலடியில் உடைந்த மண் உண்டியல். வந்தவன் நோட்டுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு சில்லறையை விட்டுவிட்டுப் போயிருந்தான். "சார், என் உண்டியலையும் எழுதுங்க" என்றாள். எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். "முந்நூத்தி நாப்பது ரூபா. அதுல இருநூறு பொங்கலுக்குத் தாத்தா குடுத்தது." அவள் அப்பா, "அத விடும்மா, இங்க அஞ்சு லட்சம் போயிருக்கு" என்றார். நானும் எழுதவில்லை. அடுத்த அறையைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

இந்த இதழைப் படிக்கும் காவல் அலுவலர்களுக்கும், பள்ளி ஆலோசகர்களுக்கும், குற்றவியல் மாணவர்களுக்கும் இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சிறுவர்களிடமிருந்து போகும் சிறு பொருளையும், வீடு உடைக்கப்படும்போது அந்த வீட்டுக்குள் இருக்கும் சிறுவர்களையும் நாம் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம். இரண்டையும் நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

கன்னக்களவில் போன நகையைவிட, யாரோ ஒருவன் உள்ளே நடமாடிவிட்டுப் போனான் என்பதுதான் பலரை அதிகம் உலுக்குகிறது. இதை 1980இலேயே இங்கிலாந்தின் மைக் மக்வயர் பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி எழுதினார். ஸ்பாட்டுக்குப் போய்வந்த நமக்கு இது புதிதல்ல. எத்தனை பெண்கள் மறுநாளே எல்லாத் துணியையும் எடுத்துத் துவைத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறோம்! ஆனால் குழந்தைகள்? 1992இல் ஜேன் மார்கன், லூசியா செட்னர் இருவரும் குற்றத்துக்கு ஆளான குழந்தைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். வன்கொடுமைக்கு ஆளான குழந்தைகளோடு நிற்காமல், சைக்கிள் பறிகொடுத்த பிள்ளைகளையும், களவு நடந்த வீட்டுப் பிள்ளைகளையும் அவர்கள் தேடிப் போய்ப் பார்த்தார்கள். களவு பெற்றோருக்கு நேர்ந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது, அதே வீட்டில் படுத்துறங்கும் குழந்தையும் பாதிக்கப்பட்டவர்தான் என்பது அந்த நூலின் நிலை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் நிலையங்களில் அந்த எண்ணம் இன்னும் வாசற்படி ஏறவில்லை.

களவு நடந்த வீட்டுக் குழந்தை இரண்டு கேள்விகளோடு இருக்கும். வாய்விட்டுக் கேட்பது ஒன்று: "அவன் திரும்ப வருவானா?" பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "வரமாட்டான், பயப்படாதே" என்போம். நானும் பல வீடுகளில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அது உண்மையல்ல. ஒருமுறை களவு நடந்த வீட்டில் மறுபடி நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட அதிகம். அதிலும் முதல் சில வாரங்களில் மிக அதிகம். வழி தெரிந்துவிட்டது, தாழ்ப்பாள் பலவீனம் என்று தெரிந்துவிட்டது, மிச்சம் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களின் நடுவில் நடந்த முயற்சி இந்த அறிவின்மேல் கட்டப்பட்டதுதான். முதல் களவு நடந்த வீட்டையே குறிவைத்துப் பாதுகாத்தார்கள். காசு போட்டு எரிவாயுவும் மின்சாரமும் பெறும் மீட்டர் பெட்டிகள் திருடர்களை இழுத்தன, அவற்றைக் கழற்றினார்கள். சுற்றியிருந்த ஐந்தாறு வீட்டாரைக் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். களவுகள் ஓராண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கின.

எனவே அந்தக் கேள்வியை அசட்டுப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. அனுபவப்பட்ட கிரைம் எஸ்.ஐ. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் அந்தக் குழந்தை கேட்கிறது. "வரலாம். அதனால்தான் இன்றைக்கே இந்தத் தாழ்ப்பாளை மாற்றச் சொல்கிறேன், ராத்திரி பீட் போகும் ஏட்டையா இந்தத் தெரு வழியாக வருவார்" என்று பதில் சொல்லிப் பாருங்கள். ஆசாரி வந்து புதுப் பூட்டுப் போடும்போது குழந்தை பக்கத்தில் இருக்கட்டும். அவளே ஒருமுறை பூட்டித் திறந்து பார்க்கட்டும். பயம் அன்றே போய்விடாது. ஆனால் பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்ற நினைப்பும் அதோடு சேராது.

இரண்டாவது கேள்வியை அது யாரிடமும் கேட்பதில்லை: "என்னாலயா?" வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைதான் பள்ளி விட்டு முதலில் வீட்டுக்கு வருகிறது. சாவி பூந்தொட்டிக்கு அடியிலோ, மீட்டர் பெட்டிக்குள்ளோ, செருப்பு ஸ்டாண்டிலோ இருக்கும்; அந்த இடம் பிள்ளைக்கும் தெரியும். வீடு திறந்து கிடக்க நாம் போய் நின்று கேட்கும் முதல் கேள்வி, "சாவி எங்க வெச்சிருந்தீங்க?" தேவையான கேள்விதான். ஆனால் அதைக் கேட்டவுடன் அப்பாவும் அம்மாவும் திரும்பிப் பிள்ளையைப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். "யார்கிட்டயாவது சொன்னியா?" என்று அங்கேயே விசாரணை தொடங்கிவிடும். பிள்ளை சொல்லியிருக்கவே மாட்டான். ஆனாலும் சொல்லிவிட்டோமோ என்று அவனே நினைக்கத் தொடங்குவான். இந்தக் கேள்வியைப் பெரியவர்களிடம் தனியே கேளுங்கள். பிள்ளையிடமும் ஏதாவது கேட்க வேண்டியிருக்கலாம். முந்தின வாரம் தெருவில் வந்து விலாசம் கேட்டவனைப் பெற்றோரைவிட அவன்தான் பார்த்திருப்பான். சாட்சி சொல்லச் சட்டம் வயது வரம்பு வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்து பதில் சொல்லத் தெரிந்தால் போதும். அவனை நிலையத்துக்கு வரவழைக்காதீர்கள். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவரை அவர் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது.

இனி, பிள்ளையின் சொந்தப் பொருள் போவது. ஜாமெட்ரி பாக்ஸ், கிரிக்கெட் மட்டை, கைக்கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலாக சைக்கிள். பிளஸ் ஒன் படிக்கும் பெண், டியூஷன் வாசலில் நிறுத்திய அரசு சைக்கிள் காணோம் என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வருகிறாள். "கவர்மென்ட் சைக்கிள்தானேம்மா, கலர் எல்லாம் ஒண்ணுதானே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" இதைச் சொல்லாத ரைட்டரை நான் அதிகம் பார்த்ததில்லை. அவளுக்கோ அந்த சைக்கிள்தான் பள்ளிக்கூடம். பேருந்துக்குக் காத்திருந்து இருட்டிய பிறகு வீடு வந்தால், ஒரு மாதத்தில் "போதும், படிச்சது" என்று சொல்லும் வீடுகள் உண்டு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்கள் இந்த இடத்தில் நமக்கு ஒரு சாக்கையும் கொடுத்திருக்கின்றன. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை. இதை நான் வரவேற்கிறேன். பசிக்கோ ஆசைக்கோ ஒருமுறை கை நீட்டியவனைச் சிறைக்கு அனுப்பி யாருக்கும் பயனில்லை. ஆனால் 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத குற்றமாகவும் ஆகிவிட்டது. ஓராண்டு ஓடிய சைக்கிள் ஐயாயிரத்தைத் தொடுமா? பிள்ளைகளின் உடைமைகளில் எத்தனை தொடும்? அநேகமாக அவர்கள் உலகம் முழுவதுமே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

கோட்டுக்குக் கீழே என்றால் "எழுத வேண்டாம்" என்று பொருளல்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவின்படி தகவலின் சாரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், நடுவரிடம் போகச் சொல்ல வேண்டும், நாட்குறிப்பை இரு வாரத்துக்கு ஒருமுறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை: சைக்கிள் வீட்டுக்குள்ளிருந்து போயிருந்தால் அது நியாய சன்ஹிதாவின் 303 அல்ல, 305. அங்கே மதிப்பு வரம்பு கிடையாது. தண்டனை ஏழாண்டு வரை. பொருளின் விலையைக் கேட்கும் முன் அது இருந்த இடத்தைக் கேளுங்கள்.

பிள்ளை கையில், புகாரைப் பெற்றதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெண்ணின் பெயரை அவளிடமே கேட்டு எழுதுங்கள். சைக்கிளில் அவள் மட்டும் அறிந்த அடையாளம் இருக்கும்: கைப்பிடியில் சுற்றிய சிவப்பு நூல், செயின் கவரில் நசுங்கிய இடம். மாமாவுக்கு அது தெரியாது. நிறம் ஒன்றாக உள்ள நூறு சைக்கிள்களில் அவளுடையதைக் காட்டிக்கொடுப்பது அந்த நசுங்கல்தான். அவளிடம் கேட்பது அன்பு மட்டுமல்ல, புலனாய்வும்கூட.

நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு, புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தொண்ணூறு நாட்களுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. வீட்டுக் களவில் அந்தத் தகவல் அப்பாவின் கைப்பேசிக்குப் போகும். குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. திருடனைப் பிடித்துவிட்டோம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, இரவு விளக்கை அணைக்கவிடாத பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் இருந்ததை ஒரு வீட்டில் கண்டேன்.

அந்த உண்டியல் வீட்டு வழக்கில் பின்னர் ஆளைப் பிடித்தோம், நகையில் ஒரு பகுதியை மீட்டோம், நீதிமன்றம் வழியாகத் திருப்பிக் கொடுத்தோம். முந்நூற்று நாற்பது ரூபாய் எந்தத் தாளிலும் இல்லாததால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

உங்கள் எல்லையில் இந்த மாதம் கன்னக்களவு நடந்த வீடு ஒன்றாவது இருக்கும். மறுபடி ஒருமுறை அங்கே போய்த் தாழ்ப்பாளைப் பாருங்கள், பட்டியலில் விடுபட்டது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். காலையில் போகாதீர்கள். மாலை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு போங்கள்.