பட்டணத்தில் ஓரிரவு

பிரயாணம் புறப்படுகிறவர்களுக்குக் கவலைகள் பல உண்டு. அவற்றுள் தலையாயது, "இரவு எங்கே தலை சாய்ப்பது?" என்பதாகும். கட்டுச்சோற்றை மூட்டையில் வைத்துக்கொண்டு போகலாம்; படுக்கும் இடத்தை மூட்டை கட்டிக்கொண்டு போக முடியாது. மதுரைக்கு மேற்கே உள்ள கீழக்குயில்குடிக்காரர்களுக்கு இந்த உண்மையைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வூரை அடுத்து நிற்கும் சமணர் மலைத் தொடரில், முத்துப்பட்டிப் பக்கத்துக் குகையில், துறவிகளுக்கென்று பாறையிலே செதுக்கிய படுக்கைகள் இருக்கின்றன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமி எழுத்துக்களும் அங்கே காணப்படுகின்றன. வீடு வாசலைத் துறந்தவர்களுக்கே படுக்கை ஓர் அவசியமாக இருந்ததென்றால், மனைவி, மக்கள், மூன்று பெட்டி, ஒரு கூடை ஆகியவற்றுடன் பட்டணம் போகும் குடும்பஸ்தரைப் பற்றிக் கேட்பானேன்?

தீபாவளிக்குத் துணி எடுக்க வேண்டுமானால் அவ்வூரார் சென்னைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. காலையில் பஸ் ஏறினால் பெரியார் நிலையம். அங்கிருந்து மாசி வீதிகளும் விளக்குத்தூணும் நடைதூரம். மாலையில் வீடு திரும்பி விளக்கேற்றலாம். ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் நம்மவர்களுக்கு மதுரை போதாது. "தியாகராய நகரில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும்" என்கிறார்கள். மனசு ஆறுவதற்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் ரயிலில் போக வேண்டியிருக்கிறது. போகட்டும், அதையும் நாம் குறை சொல்லப்போவதில்லை. கூடவே பதினொன்று, பன்னிரண்டு வயதுக் குழந்தை ஒன்றும் வருமாயின், ஜாகை எங்கே வைத்துக்கொள்வது என்பதைப் பற்றியே இந்த வாரம் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

இது அற்ப விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். இதே வட்டாரத்தில், வேற்றூரில் ஓரிரவு தங்குவது என்பது சர்க்காரின் அநுமதிக்குக் கட்டுப்பட்ட காரியமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை அந்நிய ஆட்சியினர் இப்பகுதிக் கள்ளர் சமூகத்தினர்மீது ஏவினார்கள். ஒரு குற்றமும் செய்தறியாத ஆண்மக்களின் கைரேகைகள் பதிவாயின. அவர்கள் இரவுகளில் காவல் நிலையத்திலோ, குறித்த வேறு இடத்திலோ படுத்துறங்க வேண்டியதாயிற்று. வெளியூர் போக வேண்டுமானால் கையில் அநுமதிச் சீட்டு இருந்தாக வேண்டும். இக்கொடுமையை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் இந்தச் சட்டம் ஒழிந்தது. தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட உரிமையைப் பேத்தி இன்று ரயிலேறி அநுபவிக்கிறாள் என்றால், அந்த இரவை எங்கே, எப்படிக் கழிப்பது என்று சிறிது யோசித்துத் தீர்மானிப்பது நியாயந்தானே?

நாம் பள்ளிக்கூடத்தில் அன்றாடம் பழகும் பிள்ளைகள் இந்த வயதினரே. இவர்களைப்போல் ஏமாற்றும் வயது வேறொன்று இல்லை. காலையில் பெரியவர்களைப்போல் நியாயம் பேசுவார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கைக்குழந்தையைப்போல் முகம் சுருங்கிவிடும். ரயில்வேக்காரர்கள் பன்னிரண்டு வயது நிரம்பாதவர்களுக்கு அரைக் கட்டணம் என்று வைத்திருந்தாலும், 2016 ஏப்ரல் முதல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள். நீட்டிப் படுக்க இடம் வேண்டிய ஜீவன் முழு ஜீவனே என்பதை ரயில்வே ஒப்புக்கொண்டுவிட்டது. ஜாகை பார்க்கும் தந்தைமார்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "குழந்தைதானே, நடுவில் படுத்துக்கொள்ளும்" என்கிறார்கள்.

சரி, எங்கே தங்கலாம்?

முதலில் தோன்றுவது உறவினர் வீடு. அம்பத்தூரிலோ, மேடவாக்கத்திலோ சித்தப்பா இருப்பார். அத்தை வீட்டில் ஒத்த வயதுள்ள பெண் இருந்தால், நம் குழந்தைக்கு அதைவிட இன்பம் வேறில்லை. உறவைப் பார்க்கப் போவதாயிருந்தால் இரண்டு நாள் அதிகமாகவே போங்கள். ஆனால் கடைக்குப் போவதே காரியம், உறவு ஒரு சாக்கு என்றால், அந்த வீட்டைச் சத்திரமாக்குவது தர்மமன்று. நீங்கள் ஜவுளிக் கடையில் ஐம்பதாவது புடவையைப் பிரிக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் இரவு ஒன்பது மணிக்கு, அங்கே அத்தை சோற்றை மூடிவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பாள். களைத்து வந்த குழந்தையைக் கூடத்தில் நிறுத்தி, "எவ்வளவு உயரமாகிவிட்டாள்!" என்று நாலு பேர் அளவெடுப்பார்கள். உயரமாகிவிட்ட குழந்தைக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு தலையணை மட்டுமே.

இரண்டாவது, எழும்பூர். 1908-ல் திறக்கப்பட்ட அந்த ரயில் நிலையம் தென்னாட்டு மக்களுக்குப் பட்டணத்தின் தலைவாசல். சுற்றிலும் விடுதிகள் நிறைந்திருக்கின்றன. அங்கிருந்து மின்சார ரயில் ஏறினால் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். இறங்கினால் ரங்கநாதன் தெரு. கைச்சுமை இல்லாமல் போகும்போது இது மிகவும் சௌகரியம். திரும்பும்போதுதான் சங்கடம்: மாலை நேரத்து மின்சார ரயிலில் ஆறு பைகளையும் ஒரு குழந்தையையும் ஏற்றுவது சாமானிய வித்தையன்று. இரண்டு மூன்று நாள் தங்கி, அருங்காட்சியகம், கடற்கரை முதலியவற்றையும் காட்டுவதாக இருந்தால் எழும்பூர் உத்தமம்.

மூன்றாவது, தியாகராய நகரிலேயே தங்குவது. 1920-களில் உருவாகி, ஸர் பிட்டி. தியாகராயச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய இந்த நகர் இன்று தமிழ்நாட்டின் பெரிய ஜவுளிச் சந்தையாகிவிட்டது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்தில் 2023-ல் ஓர் ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள். பாண்டி பஜாரில் 2019 முதல் அகன்ற நடைமேடை இருக்கிறது. ஆகையால் இப்போது அங்கே குழந்தையுடன் நடப்பது முன்னைவிட எளிது. இங்கே விடுதி வாடகை சற்றுக் கூடுதல் என்பது வாஸ்தவமே. அதைக் கண்டு மிரண்டு தொலைவில் அறை எடுப்பவர்களுக்காக ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். உபாத்தியாயர்களின் வழக்கம் அது. தொலைவில் உள்ள விடுதியில் வாடகை 500 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு 200 ரூபாய். காலையில் போக, இரவில் வர, 400 ஆயிற்று. நடுப்பகலில் குழந்தைக்கு முடியவில்லை என்று அறைக்கு வந்து மீண்டும் போனால் இன்னொரு 400. ஆக, 500 மிச்சம் பிடிக்கப் போய் 800 செலவு. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட தந்தை என்ன செய்வார்? நடுப்பகலில் அறைக்குத் திரும்பவே மாட்டார். மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாகக் குழந்தையின் காலும் முகமும் வாடும்.

நான்காவதாக ஒரு வழியும் உண்டு: தங்காமலே திரும்புவது. இரவு வண்டியில் போய், மறுநாள் இரவு வண்டியில் வந்துவிடுவது. வண்டி விடியற்காலையில் போய்ச் சேரும். கடைகள் திறக்க ஒன்பது, பத்து மணியாகும். நடுவில் உள்ள நேரத்திற்குக் குளிக்கவும், உடைமாற்றவும் இடம் வேண்டும். ரயில் நிலைய ஓய்வறைகளைப் பயணச் சீட்டின் எண்ணைக் கொண்டு முன்கூட்டியே பதிவு செய்யலாம். பன்னிரண்டு மணி நேரக் கணக்கிலும் கொடுக்கிறார்கள். ஒருநாள் வேலைக்கு இது சிக்கனமான ஏற்பாடு. பஸ்ஸில் போகிறவர்கள் மட்டும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். தென் மாவட்டப் பஸ்களுக்கென்று 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி முழுதும் உட்கார்ந்து வந்த குழந்தைக்கு அது இரண்டாவது பிரயாணம்.

எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஒரே ஒரு சோதனை போதும் என்போம். பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தை "என்னால் முடியவில்லை" என்று சொன்னால், பெரியவர்களில் ஒருவர் அதைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு பத்து நிமிஷத்தில் படுக்கையில் விட முடியுமா? முடியுமென்றால் அதுவே நல்ல ஜாகை. இந்தச் சோதனையில் பனகல் பார்க்கையும் மாம்பலம் நிலையத்தையும் ஒட்டிய குறுக்குத் தெரு விடுதிகளே தேறுகின்றன. கடைத்தெருவின் மேலேயே அறை எடுத்தால் இரைச்சலில் தூக்கம் வராது. ஒரு தெரு உள்ளே தள்ளி எடுப்பது நலம்.

அறையைப் பேசும்போது கேட்க வேண்டியவை சில. வந்த நேரத்திலிருந்து இருபத்துநான்கு மணி கணக்கா, அல்லது நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை தருவார்களா? பின்னதாயின், விடியற்காலை வந்த குழந்தை விடுதிக் கூடத்து நாற்காலியில் தூங்கி வழிய வேண்டியதுதான். மூன்றாவது கட்டிலோ மெத்தையோ உண்டா, அதற்கு எவ்வளவு? குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, அதன் தாழ்ப்பாள் விழுகிறதா? பெண்ணைப் பெற்ற தாய்மார்களுக்கு இந்தக் கேள்வியின் அவசியத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில் உடம்பு நாள் பார்த்துக்கொண்டிருக்காது. கல்யாணத் துணி எடுக்கும் நாளிலேயே அது நேரிடலாம். அதற்கு வேண்டியவற்றைத் தாயார் பெட்டியில் எடுத்து வைத்திருக்க வேண்டும். மகளிடம் முன்னரே பேசியும் இருக்க வேண்டும். அடுத்தது, மாடிப்படி. உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்று 2017 மே 31-ஆம் தேதி தீப்பற்றியதை நேயர்கள் மறந்திரார்கள். அறைக்குள் நுழைந்ததும் இறங்கும் வழி எங்கே என்று குழந்தையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விளையாட்டாகவும் இருக்கும், விவேகமாகவும் இருக்கும்.

"இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது, ஐயா?" என்று பெற்றோர் கேட்பது நம் காதில் விழுகிறது. ஜவுளிப் பட்டியலிலிருந்து ஒரு புடவையைக் குறைத்தால் நல்ல அறைக்குப் பணம் வந்துவிடும் என்பதே நம் பதில். துணியைக் குறைத்துக்கொள்வதற்கு நம் மதுரையே பாடசாலை. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி, மேல மாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில்தான் மகாத்மா காந்தி மற்ற உடைகளை நீத்து, ஏழை உழவனைப்போல் அரைவேட்டிக்கு மாறினார். அவ்வளவு துறவை யாரும் கல்யாண வீட்டாரிடம் எதிர்பார்க்கவில்லை. ஒன்பதில் ஒன்றைக் குறைக்கலாம் என்றுதான் சொல்கிறோம்.

முக்கியமான ஒன்று பாக்கியிருக்கிறது. விடுதிகளில் இரண்டைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, இரண்டில் எது என்று தீர்மானிக்கும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள். நகரப் படத்தை விரித்து, நிலையம் எங்கே, கடை எங்கே, அறை எங்கே என்று அதுவே விரலால் அளக்கட்டும். வாடகையையும் ஆட்டோவையும் அதுவே கூட்டிப் பார்க்கட்டும். தானே தேர்ந்த அறையைப் பற்றி எந்தக் குழந்தையும் குறை சொல்லாது. ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உள்ள வினாக்கள் யாவற்றையும்விட இந்த ஒரு வினா அதற்கு நன்றாக மனத்தில் நிற்கும்.

புறப்படுமுன் விடுதியின் பெயர், தெரு, தாய் தந்தையர் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்தக் கடை வாசலில் நிற்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு உதவும் 1098 என்ற எண்ணையும் அது மனப்பாடமாகச் சொல்லட்டும். முன்னொரு காலத்தில் அவ்வூரார் பலர் சட்டைப் பையில் வைத்திருந்த சீட்டு, ஆட்சியாளர்கள் அவர்களை நம்பவில்லை என்பதற்கு அத்தாட்சி. இந்தச் சீட்டோ, பெற்றோர் தம் குழந்தையை நம்பிக் கையில் கொடுப்பது. அதில் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் தேவையில்லை. குழந்தையே தன் கையால் எழுதினால் போதும். எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் திருத்திக் கொடுங்கள்!