அணையாத காந்தம்

மும்பை, ஜனவரி 2018. உறவினரின் ஸ்கேனுக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர், ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்தார். இயந்திரம் ஓடவில்லை என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தினர் புகார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது, உயிர் பிழைக்கவில்லை.

ஸ்கேன் நடக்காதபோதும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேயிருக்கும் என்பது மெடிக்கல் இமேஜிங் பட்டப்படிப்பின் பாலபாடம். உடற்கூறு, இயற்பியல், கதிர்வீச்சுப் பாதுகாப்பு எல்லாம் இதில் உண்டு. எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் அணிய வேண்டும். 5 ஆண்டு சராசரி, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. இத்துறையை முறைப்படுத்த மத்திய சட்டம் வந்ததே 2021-ல்தான்.

வெறும் பட்டனை அழுத்தும் வேலைதானே என்பவர்கள் மும்பையை நினைத்துக்கொள்வது நல்லது.